தாப்பா ஏற்றத்தில் கொதிக்கும் தண்ணீர்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சிக்கு எதிரே எப்போதும் நாலு வண்டிகள் நிற்கும். பெத்தாய்க் கொத்துகளும் டுரியானும் தொங்கும் கடைகளைப் பார்க்க நிற்பவை சில. போனட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் நிற்பவை சில. அந்த இடத்தில் மூக்குக்கு இரண்டு வாசனைகள் எட்டும். மலையிலிருந்து இறங்கி வந்த வண்டியில் பிரேக் கருகிய நெடி. மலையேறும் வண்டியில் வெல்லப்பாகு தீய்ந்ததுபோல் ஒரு தித்திப்பு. இரண்டாவது வாசனை, ரேடியேட்டரிலிருந்து பொங்கி வழிந்த கூலன்ட்டுடையது.

அந்தத் தித்திப்பு வாசனையோடு நானும் அங்கே நின்றிருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம் நாட்டுக்குத் தேவையே இல்லை என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கும் கார் ஹீட்டருக்கும், ஏற்றத்தில் கொதிக்கும் இன்ஜினுக்கும் ஓடுவது ஒரே தண்ணீர். ஒன்றின் நோயை மற்றொன்று சொல்லிவிடும்.

முதலில் ஏற்றத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம். தாப்பா ஏறக்குறைய சமவெளி. சுமார் 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால், ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் தானா ராத்தா. ஒரு சிறிய காரும் அதில் நாலு பேரும் சேர்ந்து 1,200 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்கிவைக்க மட்டும் சுமார் 16 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். பழைய பெட்ரோல் இன்ஜின் தான் எரிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. ஆகவே எரிக்க வேண்டியது 64 மெகாஜூல், அதாவது இரண்டு லிட்டர் பெட்ரோல். மீதி முழுக்க வெப்பம். அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகப் போய்விடும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 20 மெகாஜூல், இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இறங்குகிறது.

இருபது மெகாஜூல் என்றால் எவ்வளவு? கொதிநிலையில் இருக்கும் தண்ணீரை ஒன்பது லிட்டர் அளவுக்கு முழுவதும் ஆவியாக்கிவிடலாம். காரில் இருப்பதோ ஐந்து, ஆறு லிட்டர். ரேடியேட்டர் தன் வேலையைச் செய்யாவிட்டால், ரிங்லெட் வருவதற்குள் வண்டியில் ஒரு சொட்டு மிஞ்சாது. இதில் காற்றின் எதிர்ப்பையும் டயரின் உராய்வையும் நான் சேர்க்கவில்லை. வெறும் தூக்கும் கணக்கு இது.

இந்த வெப்பத்தைக் காற்றில் கொட்டுவதற்குத்தான் ரேடியேட்டர். காரின் தொடக்க காலத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவியாக்கியே இன்ஜினைக் குளிர்வித்தார்கள். வழிநெடுக ஊற்றிக்கொண்டே போகவேண்டும். 1900-1901இல் வில்ஹெல்ம் மேபாக் மெர்சிடிஸ் காருக்காகத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். விரல் நுழையாத 8,070 சிறு குழாய்கள். குறைந்த தண்ணீர், அதிகப் பரப்பு. இன்றைக்கும் கார்களில் இருப்பது அந்த யோசனையின் வாரிசுதான்.

மலையில் காற்று மெலிந்திருப்பதால்தான் இன்ஜின் சூடாகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பாதி உண்மை. தானா ராத்தாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு என்பது சரி. ஆனால் அங்கே காற்று பத்து டிகிரிக்கு மேல் குளிர்ந்தும் இருக்கிறது. 90 டிகிரித் தண்ணீரிலிருந்து 32 டிகிரிக் காற்றுக்கு வெப்பம் பாய்வதைவிட, 20 டிகிரிக் காற்றுக்கு வேகமாகப் பாயும். ஒன்றில் இழந்ததை மற்றொன்றில் மீட்டுக்கொள்கிறோம். ஆபத்து உச்சியில் இல்லை, அடிவாரத்தில் இருக்கிறது. தாப்பாவிலிருந்து முதல் இருபது கிலோமீட்டர், காற்று இன்னும் வெக்கையாக இருக்கும் இடம். இரண்டாவது கியர், முன்னால் ஒரு காய்கறி லோரி, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். இன்ஜின் முழு மூச்சில் உழைக்கிறது. ரேடியேட்டரில் மோதும் காற்றோ மிகக் குறைவு. லாத்தா இஸ்கண்டாரில் வண்டிகள் நிற்பது தற்செயல் அல்ல.

உயரம் வேறு வகையில் விளையாடுகிறது. தேயிலைத் தோட்டத்து வீட்டில் தேநீருக்கு வைத்த தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. தானா ராத்தாவில் 95 டிகிரியிலேயே கொப்பளிக்கத் தொடங்கிவிடும். 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் மலையுச்சியில் 93க்குச் சற்று மேல். மேலே இருக்கும் காற்றின் பாரம் குறைந்தால், தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது. அதனால்தான் மலையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவும் கறி மிருதுவாகவும் நேரமாகும்.

ரேடியேட்டர் மூடியும் ஒரு குக்கர்தான். அதற்குள் ஒரு சுருள்வில் இருக்கிறது. சாதாரணக் காரில் அது ஏறத்தாழ 0.9 பார் அழுத்தம் வரை மூடியைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் கடல்மட்டத்தில் வெறும் தண்ணீரே 119 டிகிரி வரை கொதிக்காது. தானா ராத்தாவில் 116 வரை தாங்கும். கூலன்ட் கலந்தால் இன்னும் சில டிகிரி கூடும். இப்போது அந்த மூடியின் ரப்பர் வெடித்துவிட்டது, வில் தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈப்போவில் 100 டிகிரி வரை சமாளிக்கும் அந்தக் கார், தானா ராத்தாவில் 95லேயே கொதித்துவிடும். பல கார்களில் மின்விசிறி சுழலத் தொடங்குவதே ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். விசிறி விழித்துக்கொள்ளும் முன்பே தண்ணீர் பொங்கிவிடுகிறது. ஓட்டுநர் விசிறியைச் சந்தேகிப்பார், பம்பைச் சந்தேகிப்பார், ரேடியேட்டரையே மாற்றுவார். குற்றவாளி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு மூடி. பழைய கார் சூடானால் முதலில் மாற்றவேண்டிய பொருள் அதுதான் என்பது என் உறுதியான கருத்து. இருப்பதிலேயே மலிவானதும் அதுவே.

அதே மூடியைச் சூடாக இருக்கும்போது ஏன் திறக்கக்கூடாது என்பதையும் இந்த எண்களே சொல்லும். மலைமேல் 116 டிகிரியில், அழுத்தத்தால் மட்டுமே திரவமாக நிற்கும் ஐந்து லிட்டர் தண்ணீர். மூடியைத் திருகிய நொடியில் அதன் கொதிநிலை 95க்கு இறங்குகிறது. அதில் நூற்றில் நாலு பங்கு அப்போதே ஆவியாகிறது. கேட்கச் சிறியதாகத் தெரியும்; ஆனால் அந்த 200 கிராம் தண்ணீர் 400 லிட்டர் நீராவியாக விரிகிறது. மீதித் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு முகத்தை நோக்கி வருவது அதுதான். அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். ஹோஸைத் துணியால் அழுத்திப் பார்த்தால் அது மெத்தென்று அமுங்க வேண்டும். அதுவரை யார் அவசரப்படுத்தினாலும் கை அங்கே போகக்கூடாது.

இனி என் கதைக்கு வருகிறேன். என்னுடையது இருபது வயது தாண்டிய ஜப்பானியக் கார். வெளிநாட்டிலிருந்து பழைய வண்டியாக இறக்குமதியாகி வந்ததால் அதில் ஹீட்டர் இருந்தது. இந்நாட்டில் விற்கும் பெரும்பாலான கார்களில் ஹீட்டர் கிடையாது. வெக்கை நாட்டில் அது எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். நானும் அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பியதே இல்லை. லாத்தா இஸ்கண்டாரில் ஒரு முறை கொதித்து, ஆறி, ஊற்றி, மெல்ல மேலே ஏறிய அன்று மாலை, தானா ராத்தாவில் ஒரு போமனிடம் வண்டியை விட்டேன். நம் நாட்டில் மெக்கானிக்கைப் போமன் என்றுதான் சொல்வோம். இன்ஜின் சூடாகிறது என்று சொன்னதும் அவர் போனட்டைத் திறக்கவில்லை.

“தம்பி, ஹீட்டர்ல சூடு வருதா?”

“அதைப் போட்டதே இல்லண்ணே.”

“இப்பப் போடுங்க. இன்ஜின் ஓடட்டும்.”

போட்டோம். மீட்டர் முள் பாதிக்கு மேல் நிற்கிறது. ஹீட்டரிலிருந்து வந்ததோ ஜில்லென்ற காற்று. இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டர் எப்படிக் குளிரும் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கு அந்த ஒரு நொடியிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினிலிருந்து ஒரு ஹோஸ் சூடான தண்ணீரைக் கொண்டுபோகும், இன்னொன்று திருப்பிக் கொண்டுவரும். உள்ளே ஒரு விசிறி அதன் வழியே காற்றை ஊதும். தேயிலைத் தொழிற்சாலையில் இலையை உலர்த்தும் காற்றை உலைதான் சூடாக்குகிறது. ஆனால் உலையின் புகை இலையைத் தொடுவதில்லை. நடுவில் ஒரு இரும்புச் சுவர், வெப்பம் மட்டும் கடக்கும். ஹீட்டரும் அதே வேலைதான்: தண்ணீர் உள்ளேயே சுற்றும், சூடு மட்டும் நம்மிடம் வரும். இது பெரும்பாலும் சற்று உயரத்தில் அமைந்திருப்பதால், தண்ணீர் குறைந்தால் முதலில் வற்றுவது இதுதான். காற்றுக் குமிழி வந்து அடைந்துகொள்ளும் மூலையும் இதுதான். பம்ப் தண்ணீரைத் தள்ளும், காற்றைத் தள்ளாது. ஆகவே சூடான இன்ஜினும் குளிர்ந்த ஹீட்டரும் ஒன்றாக வந்தால், தண்ணீர் குறைந்திருக்கிறது, அல்லது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது, அல்லது பம்ப் தள்ளவில்லை. இதில் இன்னொரு பயங்கரமும் உண்டு. தண்ணீர் மிகவும் இறங்கிவிட்டால் வெப்பநிலையை அளக்கும் முனையே வெறுமையில் நிற்கும். அப்போது முள் திடீரென்று கீழே சாயலாம். ஆறிவிட்டது என்று நினைத்து ஓட்டினால் இன்ஜின் தலை போகும்.

பிறகு அவர் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் கையால் தொட்டுப் பார்த்தார். வைத்தியர் நாடி பிடிப்பதுபோல. இரண்டுமே சூடாக இருந்து உள்ளே காற்று மட்டும் குளிர்ந்தால், கோளாறு தண்ணீரில் இல்லை. காற்றைத் திருப்பும் தகடோ அதை இழுக்கும் கம்பியோ கெட்டிருக்கும். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் ஹீட்டர் அடைத்திருக்கிறது, அல்லது அதன் வால்வு திறக்கவில்லை. இரண்டும் குளிர் என்றால் தண்ணீரே அங்கே வரவில்லை. என் வண்டியில் இரண்டும் குளிர். பம்புக்குக் கீழே ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்து, நாளுக்குச் சில சொட்டுகள் மாதக்கணக்கில் போயிருந்தன. சூடான இரும்பில் விழுந்து உடனே காய்ந்துவிடுவதால் தரையில் ஈரமே தெரியவில்லை. வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது.

கிளிப்பை மாற்றியபின் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பட்டறை வாசலில் இருந்த சரிவில், காரின் மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தச் சொன்னார். ரேடியேட்டர் வாய் எல்லாவற்றையும்விட உயரத்துக்கு வந்தது. ஹீட்டரைச் சிவப்பில் வைத்து, மூடியைத் திறந்தபடி ஆறிய இன்ஜினை ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூலன்ட் ஊற்றினார். களக், களக் என்று குமிழிகள் வெளியே வந்தன. தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கியது, மறுபடி ஊற்றினார். குமிழி அடங்கிய நேரத்தில் டேஷ்போர்டிலிருந்து சூடான காற்று வந்தது. குமிழிகள் அடங்காமல் வந்துகொண்டே இருந்திருந்தால் கவலைப்பட வேண்டியிருந்திருக்கும் என்றார். அது உள்ளே சிக்கிய காற்று அல்ல. ஹெட் கேஸ்கெட் வெடித்து, எரியும் வாயு தண்ணீருக்குள் நுழைவதன் அடையாளம். ஒரு முறை கடுமையாகச் சூடானாலே இது நேரலாம். அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். அலுமினியத் தலையும் இரும்பு உடலும் கொண்ட இன்ஜின் கட்டுமீறிச் சூடானால், நடுவில் இருக்கும் கேஸ்கெட் அரைபட்டுவிடும், தலை வளைந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் கோபமாகவே சொல்லவேண்டும். அது ஒரு சிறு கதவு. உள்ளே ஒரு குப்பியில் மெழுகு. 82 முதல் 88 டிகிரிக்குள் மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ளும். கதவு திறந்து தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். 1930-களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய இந்த மெழுகு முறை இன்றும் ஓடுகிறது. ஆனால் நம் ஊரில் வண்டி சூடானால் முதல் மருந்தாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். “இங்கே என்ன பனியா பெய்யுது?” என்பது வாதம். கழற்றிய வண்டி கேமரன் மலையில் என்ன ஆகும்? காலையில் 15, 16 டிகிரிக் குளிரில் இன்ஜின் சூடேறவே ஏறாது. எண்ணெய் கெட்டியாகவே இருக்கும். பெட்ரோல் முழுமையாக எரியாது. எரியும்போது உண்டாகும் நீராவி எண்ணெயில் கலந்து சேறாகும். ஹீட்டர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே ரேடியேட்டரைச் சுற்றிப்போகும் குறுக்குவழியையும் அடைக்கும். அந்த வண்டிகளில் அதைக் கழற்றினால், சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்குவழியில் திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை சூட்டைக் கூட்டும். உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா, அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்டதா என்று அறிய, தாப்பாவை நோக்கி இறங்கும்போது முள்ளைப் பாருங்கள். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்து, கியரில் இறங்கும் அந்த நீண்ட இறக்கத்தில் இன்ஜின் ஏறக்குறைய சூடு உண்டாக்குவதே இல்லை. நல்ல தெர்மோஸ்டாட் கதவைச் சாத்திக்கொண்டு முள்ளைக் காக்கும். இல்லாவிட்டால் முள் அடியில் படுத்துவிடும்.

ஓட்டுநர்களிடையே வழங்கும் இன்னும் சில கைவைத்தியங்கள் உண்டு. கசிவை அடைக்க மஞ்சள்தூள், முட்டை வெள்ளை, கடையில் விற்கும் அடைப்பான் திரவம். நடுவழியில் வீடுபோய்ச் சேர அவை உதவலாம். ஆனால் கசிவு எது, குழாய் எது என்று அவற்றுக்குத் தெரியாது. ஹீட்டரின் குழாய்கள் மிகவும் குறுகலானவை, முதலில் அடைபடுவது அங்கேதான். லாத்தா இஸ்கண்டாரில் ஓடும் ஓடைத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து ஊற்றுவதும் அப்படித்தான். அவசரத்துக்குச் சரி. வருடக்கணக்கில் வெறும் தண்ணீரிலேயே ஓடினால் இரும்பு துருப்பிடித்து, அந்தச் செந்நிறச் சேறு ரேடியேட்டரின் கீழ்க்குழாய்களிலும் ஹீட்டரிலும் தங்கும். பனி உறையாத நாட்டில் கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் சிறந்தது, உண்மை. கூலன்ட்டில் கலந்திருக்கும் துருத்தடுப்பிதான் நமக்கு வேண்டியது.

கேமரன் மலையில் பழைய வண்டி என்றாலே லேண்ட் ரோவர்தான் நினைவுக்கு வரும். காய்கறித் தோட்டங்களின் செங்குத்தான மண்பாதைகளில், முட்டைக்கோஸ் கூடைகளோடு, மனிதர் நடக்கும் வேகத்தில் அவை ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். 1948இல் அறிமுகமான அந்த வண்டிக் குடும்பத்தின் பழைய வடிவங்களில் விசிறி பெல்ட் மூலம் இன்ஜினோடேயே சுழலும். வண்டி எவ்வளவு மெதுவாகப் போனாலும், இன்ஜின் வேகமாகச் சுற்றினால் விசிறியும் வேகமாகச் சுற்றும். கீழ்க் கியரில் ஊர்ந்து ஏறும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. பெல்ட் தளர்ந்தால் மட்டும் விசிறி, பம்ப், பேட்டரி சார்ஜ் எல்லாம் சேர்ந்து போகும். பேட்டரி விளக்கும் வெப்பமுள்ளும் ஒரே நேரத்தில் எச்சரித்தால் வேறெங்கும் தேடவேண்டாம்.

ஹீட்டரின் உண்மையான மதிப்பு மழையில்தான் எனக்குத் தெரிந்தது. பின்மதியம் தாப்பா ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டால் கண்ணாடிகள் உள்ளே மூடுபனியாகிவிடும். ஒரு மனிதர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு ஏறத்தாழ 50 கிராம் நீரை வெளிவிடுகிறார். ஒரு சிறிய காருக்குள் இருக்கும் காற்று, 20 டிகிரியில், மொத்தமே அவ்வளவு நீரைத்தான் தாங்கும். நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் கால் மணி நேரம் போதும். மழை குளிர்வித்த கண்ணாடியில் அது படியும். நம் பழக்கம் ஏர்கோனைப் போடுவது. அது காற்றிலிருந்து நீரைப் பிழிந்து எடுக்கும், கண்ணாடி தெளியும். ஆனால் ஏர்கோன் இன்ஜினிடமிருந்து சக்தியைப் பிடுங்குகிறது. தான் எடுத்த சூட்டையும் ரேடியேட்டருக்கு முன்னாலேயே கொட்டுகிறது. ஏற்கெனவே திணறும் இன்ஜின் இன்னும் சூடாகும். ஏர்கோனை நிறுத்தினால் பாதை தெரியாது, போட்டால் தண்ணீர் கொதிக்கும். வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் பள்ளம், எதிரே லோரி. இந்த இக்கட்டில் எத்தனை பேர் அந்தச் சாலையில் ஓட்டியிருப்பார்கள்!

ஹீட்டர் இருந்தால் இந்த முடிச்சே இல்லை. சூடான காற்று கண்ணாடியைச் சூடாக்கும், தானும் அதிக நீரைத் தாங்கும். சன்னலைச் சற்றே திறந்தால் அந்த ஈரம் வெளியேறிவிடும். அதே நேரத்தில் இன்ஜினிலிருந்து சில கிலோவாட் வெப்பத்தை அது உறிஞ்சி எடுக்கிறது, நாலைந்து இஸ்திரிப் பெட்டிகள் ஒன்றாக எரிந்தால் வரும் சூடு அது. முள் ஏறத் தொடங்கியதும் ஏர்கோனை அணைத்து, ஹீட்டரை முழுச் சிவப்பில், விசிறியை உச்சத்தில் வைத்தால் முள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். கண்ணாடியில் பிசுபிசுப்பான படலமும், காருக்குள் அந்தத் தித்திப்பு வாசனையும், காலடி விரிப்பில் ஈரமும் வந்தால் மட்டும் ஹீட்டரே ஓட்டையாகிவிட்டது என்று பொருள். நம் ஊரில் அப்போது இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரைத் துண்டித்துவிடுவார்கள். செலவு குறைவு என்பது புரிகிறது. மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது இந்த மலைச்சாலை முழுமையடையவில்லை. அடுத்த சில ஆண்டுகளில்தான் தானா ராத்தா வரை வண்டிகள் தாராளமாக வந்தன. காட்டை வெட்டிச் சரிவுகளில் தேயிலை நட்ட கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். அவர்களின் பேரப்பிள்ளைகள் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் தோட்டத்துக்குத் திரும்பிவருவது இந்த ஏற்றத்தின் வழியாகத்தான். இப்போது சிம்பாங் பூலாய் வழி அகலமாக, வளைவு குறைவாக இருக்கிறது. என் அம்மாவுக்குப் பழைய வழிதான் பிடிக்கும்.

கிளிப் மாற்றிய பிறகு வந்த முதல் பயணத்தில், தாப்பாவைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஏர்கோனை அணைத்தேன், ஹீட்டரைத் திருப்பினேன். கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்தது. முள் நடுவிலேயே நின்றது. பின்னால் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. சன்னலை இரண்டு விரல் அளவு இறக்கிக்கொண்டார்கள். லாத்தா இஸ்கண்டாரில் நாங்கள் பெத்தாய் வாங்க மட்டும் நின்றோம். ரிங்லெட் வந்ததும் அம்மா சன்னலை ஏற்றச் சொன்னார்.